நானா கடைக் கொப்பி

கொழும்பு 15, மட்டக்குளி. களனி கங்கை கடலோடு கலக்கும் மூலை இது. அஸருக்குப் பிறகு காக்கைதீவுப் பக்கமிருந்து உள்ளே நடந்தால், ஒழுங்கைகளில் சின்னச் சின்னச் சில்லறைக் கடைகள். கால் கிலோ சீனி, 50 கிராம் தேயிலை, ஒரேயொரு முட்டை என்று கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள்.

1983இல் கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் முதல் ‘ஃபூட் சிற்றி’யைத் திறந்தது. இன்று அத்தகைய பேரங்காடிகள் நாடெங்கும் பரவிவிட்டன. விலைச்சீட்டு, காலாவதித் திகதி, சரியான நிறுவை என்று அங்கே நன்மையும் உண்டு. மறுப்பதற்கில்லை.

ஆனால் சகோதரிகளே, ஒன்றைக் கவனித்தீர்களா? சம்பளம் கிடைத்த வாரம் நம் கைக்காசு குளிரூட்டிய கடைக்குப் போகிறது. மாதக் கடைசியில் கடன் மட்டும் நானாவின் கொப்பிக்கு வருகிறது. பெரிய நிறுவனம் ஏராளமாக வாங்குவதால் பெறும் கழிவு அவருக்குக் கிடையாது.

2020 ஒக்டோபரில் கொரோனாவால் மட்டக்குளி ஊரடங்கில் முடங்கியபோதும், 2022இல் பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்றபோதும், பல வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தக் கொப்பியால்தான். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் அக்காலத்து ஏடுகளைப் புரட்டிக் காட்டினார். பாதிக் கணக்கு இன்னும் தீரவில்லை. “கேக்க வெக்கமா இருக்கு ஹஸ்ரத்” என்றார்.

கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). அவர் கொடுத்துவிட்டார். வசதி வந்தபின் திருப்பிக் கொடுப்பது நம் கடமை. அடுத்த சம்பளத்தோடு பேரங்காடிக்குப் புறப்படுமுன், நானாவிடம் அந்தக் கொப்பியை எடுக்கச் சொல்லுங்கள்.