எந்தக் காலத்து எலும்பு?

சம்பூர் எங்கட துறைமுகத்துக்கு எதிர்க்கரை. கொட்டியாரக் குடாவைத் தாண்டினால் சரி. 2025 யூலையில் அங்கே கடற்கரையில் கண்ணிவெடி அகற்றியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். 1990 யூலை 7 இல் கொல்லப்பட்ட ஊர்ச்சனத்தின் நினைவுத்தூபிக்குக் கிட்ட. திருகோணமலையில் என் காதில் விழுந்த முதல் கேள்வி, "எந்தக் காலத்து எலும்பாம்?"

அப்படிக் கேட்பதற்கு மன்னார்தான் காரணம். 2018 இல் அங்கே சதொச கட்டடத்துக்கு நிலம் தோண்டும்போது புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், அதில் சிறுவர்களும். ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீற்றா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் பதில் வந்தது: கி.பி. 1404 முதல் 1635 வரை. பிள்ளையைத் தேடின அம்மாவுக்கு "அது போர்த்துக்கேயர் காலத்து எலும்பு" எண்டு சொன்னால் அவ எப்படி நம்புவா?

நான் கலைப்பீடம். ஆனாலும் அந்த மெஷின் என்னதான் செய்யுது எண்டு தேடி வாசித்தேன். எலும்பிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து, கார்பனாக்கி, முடுக்கி நிறைமாலைமானிக்குள் வைக்கிறார்கள். அது அணுக்களை நிறைப்படி பிரித்து கார்பன்-14 ஐ எண்ணுகிறது. உயிரோடு இருக்கும்வரை சாப்பாட்டால் உடம்பில் சேருவது அது. செத்த பிறகு 5,730 வருசத்தில் பாதியாகக் குறையும். மெஷின் தருவது ஒரு விகிதம் மட்டும்தான், ஆண்டு இல்லை. மர வளையங்களை வைத்துப் போட்ட ஒரு வளைகோட்டோடு மென்பொருள் அந்த விகிதத்தை ஒப்பிட்டுத்தான் ஆண்டைச் சொல்லும். அதுவும் ஒரு ஆண்டை இல்லை, ஒரு வீச்சை. மன்னாருக்குக் கிடைத்த வீச்சு 231 வருசம்.

மீன் சாப்பிடும் சனத்தின் எலும்பு உண்மையான வயதைவிடப் பழசாகத் தெரியும், ஏனெண்டால் கடலில் உள்ள கார்பன் பழசு. எங்களை மாதிரிக் கரையோரக்காரர் இதைத் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். ஆனால் அதனாலும் 1990 ஐ 1600 ஆக்க ஏலாது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14 ஐ ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அதற்குப் பிறகு வளர்ந்த ஒவ்வொருவரின் எலும்பிலும் அந்த அடையாளம் இருக்கு. போர்க்காலத்தில் செத்தவர் எண்டால் மெஷினுக்கு அது மறையாது.

ஆகவே அந்த ஆறு மாதிரிகளின் வயதை நான் நம்புகிறேன். ஆறை வைத்து முந்நூறுக்கும் தீர்ப்புச் சொல்வதைத்தான் நம்பவில்லை. ஒரே மண்ணில் வேறு வேறு காலத்து ஆட்கள் கிடக்கலாம். மயானங்களே அப்படித்தானே. எந்த ஆழத்து எலும்பு, எந்த மூலை, தெரிவு செய்தது யார் என்ற கேள்விகளுக்கு எந்த மென்பொருளிலும் பதில் இல்லை. அறிக்கை வந்த கையோடு தோண்டுவதும் நின்றது.

வயது தெரிந்தாலும் பெயர் தெரியாது. பெயருக்கு மரபணு வேணும், ஒப்பிட உறவினரின் இரத்தமோ எச்சிலோ வேணும். திருகோணமலையில் 2017 இல் போராட உட்கார்ந்த அம்மாமாரில் சிலர் இப்ப உயிரோடு இல்லை. சம்பூர் எலும்புகளை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும். மிச்சமிருக்கிற அம்மாமாரின் மாதிரிகளை இப்பவே எடுத்து வைக்க ஒரு பஞ்சுக்குச்சி போதும்.