இரவுப் பசியும் இந்திரகிரியும்

சரசுவதிபுரத்தில் நாங்கள் நால்வர் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். இரவு மணி 11 அடித்தால் போதும், புத்தகம் கண்ணுக்குத் தெரியாது. முறுக்கு டப்பாதான் தெரியும்! கேட்பது வயிறன்று, நாக்கு.

அப்போதெல்லாம் எனக்குச் சிரவணபெளகொளா நினைவுக்கு வரும். மைசூருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சமணத் திருத்தலம் அது. 10-ஆம் நூற்றாண்டில் அங்கே கோமடேசுவரர் சிலையை எடுப்பித்த சாமுண்டராயரின் பெயரைச் சிலையடியில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். கதிரவன் மறைந்தபின் சமணர் உண்ணாததற்கு உயிரிரக்கமே காரணம். இருளில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியுமே என்ற கவலை.

எங்கள் வீட்டிலும் இரக்கத்துக்குரிய ஓர் உயிர் உண்டு. மாலை வேலைக்குச் சென்று நள்ளிரவில் பசியோடு திரும்பும் தோழன்! நோன்பு என்றால் நாக்கு வாதம் புரிகிறது. 'அது அவன் பங்கு' என்றால் அடங்கிவிடுகிறது. நண்பர்களே, உங்கள் விடுதியிலும் இம்மந்திரத்தைச் சொல்லிப் பாருங்கள்!