முந்தலில் ஒரு முற்றம்

முந்தலுக்குச் சென்று மீண்டவர்களைக் கேட்டால் களப்பைச் சொல்வார்கள், தென்னந்தோட்டங்களைச் சொல்வார்கள். நாம் சொல்லப் புகுவது அங்குள்ள ஒரு முற்றத்தைப் பற்றி. அரை ஏக்கருக்கு மேற்படாத அவ்வளவில் நாம் தங்கியவை மூன்று நாட்களே. எனினும் உடப்பில் திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பைக் காண்பதற்கென்று புறப்பட்ட அப்பயணத்தில், தீமிதிப்பைக் காட்டிலும் அம்முற்றமே எம் நெஞ்சில் அதிகம் நிலைத்துவிட்டது.

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், சிலாபத்தையும் பத்துளுஓயாவையும் கடந்ததும் முந்தல் வருகிறது. மேற்கே முந்தல் களப்பு விரிந்து கிடக்கிறது. அதனைப் புத்தளக் களப்போடும் தெற்கே சிலாபத்தோடும் இணைப்பது ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய். ஆடி மாதமாகையால் சோளகக் காற்று ஓயாது வீசிற்று. தென்னோலைகள் எழுப்பும் ஓசையை மழையென எண்ணி எம் மனைவியார் இருமுறை கொடியில் உலர்ந்த துணிகளை எடுக்க ஓடினார். மழையாவது! ஐப்பசி வரையில் அங்கே வானம் பொய்த்தே நிற்கும்.

நாம் தங்கியது எம் மனைவியாரின் பெரிய தந்தையார் இல்லத்தில். புகையிரதப் பகுதியில் பணியாற்றி இளைப்பாறியவர். மனைவியை இழந்து தனியே வாழ்பவர். வீட்டின் முன்னே, மணல் முற்றத்தின் நடுவே, இரண்டு பாய் விரித்தாற்போலச் சிறியதொரு புல்தரை. அதனைச் சுற்றிப் பாதி புதைத்த தேங்காய் மட்டைகளால் வரம்பு. அப்பால் தென்னைகள், அவற்றிடையே இளந்தென்னம்பிள்ளைகள் சில.

சென்ற அன்று மாலையே அவருடைய குரலைக் கேட்டோம். தெருச் சிறுவர் ஐவர் கிரிக்கட் மட்டையோடு கிடுகு வேலியின் பொட்டுக்குள் நுழைந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் கலந்த கூட்டம். திட்டு வாங்குவதில் அவர்களிடையே யாதொரு வேற்றுமையும் இருக்கவில்லை.

"யாரடா அது? வேலிக்குள்ளாலே வராதே! படலையிலே நின்று கேட்டு வா!"

பிள்ளைகள் சிட்டுக்குருவிகள்போற் பறந்தார்கள். நாம் எம் மனைவியாரைப் பார்த்து நகைத்தோம். முதுமை வந்தால் புல்லும் பொன்னாகிவிடும் போலும் என்று மெல்லிய குரலில் கூறியதும் உண்மை. பத்து வயது நிரம்பிய எம் மகன் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை நாம் கவனிக்கவில்லை.

புல்தரை நம்மவர் மரபன்று. நாள்தோறும் விளக்குமாற்றின் வரிகள் பதியும் மணல் முற்றமே நமது மரபு. புல்லை ஒட்ட வெட்டி அழகு பார்ப்பது ஆங்கிலேயரோடு வந்தது. அவர்கள் நாட்டிலும் 1830ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்பார் புல்வெட்டும் பொறியைக் கண்டுபிடிக்கும்வரை, அரிவாள் பிடிக்க ஆள் வைத்திருந்த செல்வர்க்கே அது பெரிதும் உரியதாயிருந்தது. கொழும்புக் காலிமுகத்திடலின் நடைபாதையை 1859இல் முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பு நகரின் பெண்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்லிலே பொறித்து வேண்டிக்கொண்டார். அத்திடலில் எம் பிள்ளைகள் பட்டம் விட்டு வளர்ந்தவர்கள். புல் இருப்பதே ஓடுவதற்காக என்பது அவர்கள் எண்ணம்.

மறுநாட் காலையிற் பெரியவர் கிணற்றடியில் நின்று வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். புல்லுக்கு மூன்று வாளி. தென்னம்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அதற்குமேல் ஒரு வாளியும் இல்லை. அக்கரையோர மணலில் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லியதோர் ஏடாக மிதக்கிறது. கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறிவிடும். பின்னர்க் குடிக்கவும் நீரில்லை.

"இந்தப் புல்லு உங்கள் மாமி நட்டது, மருமகன்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

அன்று பிற்பகலில் நாம் அஞ்சவேண்டியது நடந்தேறியது. எம் மகன் தெருப்பிள்ளைகளை அழைத்து வந்துவிட்டான். அதுவும் வேலிப் பொட்டின் வழியாகவே. பந்தைத் துரத்தியவன் சென்ற மாரியில் நட்ட தென்னம்பிள்ளை ஒன்றின்மேல் உடலோடு விழுந்தான். குருத்து ஒடிந்து சாய்ந்தது.

மா ஒடிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். வேம்பை வெட்டினாலும் தழைக்கும். தென்னைக்கோ வளர்முனை ஒன்றே. அது அழிந்தால் மரமே அழிந்தது. நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகளாகும். எழுபத்தெட்டு வயதில் நட்டவர் அதன் முதற் குலையை எண்பத்தைந்தில் வெட்ட எண்ணியிருந்தார். அக்கணக்கு எமக்கு அப்பொழுதுதான் உறைத்தது. முந்திய நாள் நகைத்த நகைப்பும் கூடவே உறைத்தது.

அவர் சினக்கவில்லை. நிமிர்ந்து, மகன் நின்ற இடத்துக்கு நேர் மேலே, 60 அடி உயரத்திற் பழுத்துத் தொங்கிய குலையைக் காட்டினார். "காற்றுக்காலம். அது எப்போது விழும் என்று எனக்கே தெரியாது. பிள்ளைக்குத் தெரியுமா?" என்றார்.

இரவு திண்ணையில் மற்றொன்றும் வெளிவந்தது. முன்னொரு காலத்தில் வளவின் வடபுறத்தால் அயலார் நடக்க, அவர் கண்டும் காணாதிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கு ஓடும் தடம் தானே என்று எண்ணினார். ஆண்டுகள் சென்றபின் அத்தடம் நீதிமன்றத்தில் உரிமைப் பாதையாகிவிட்டது. 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பத்து ஆண்டுகள் தடையின்றித் தன்னுரிமையாகவே அனுபவித்து வந்தவர்க்கு உரிமை பிறக்கிறது. ஆனால் உடையவரிடம் விடைபெற்று நடந்தால் எத்தனை ஆண்டு நடந்தாலும் அவ்வாறு பிறப்பதில்லை. "கேட்டு வா" என்ற அதட்டலின் பொருள் எமக்கு அன்றிரவே விளங்கிற்று.

"அப்படியானால் பிள்ளைகள் எங்கே விளையாடுவது, மாமா?" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். தாம் சிறுவராயிருந்தபோது விளையாடியது களப்போரத்து வெளியில் என்றார். 1980களுக்குப் பின் இப்பகுதியில் இறால் வளர்ப்புப் பெருகிற்று; களப்பைச் சூழ்ந்த வெளிகளும் கண்டற்காடுகளும் பெருமளவில் குளங்களாக வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவி இறால் மடிந்தது. குளங்கள் பல கைவிடப்பட்டன. இறால் போனாலும் வெளி திரும்பவில்லை. எஞ்சியிருப்பது நெடுஞ்சாலை, அங்கே பந்தைத் துரத்துவது எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாம் நாட் காலை, முறைக்கு இரு வாரம் முன்னதாகவே, காய் பறிப்பவரை வருவித்தார். நீண்ட மூங்கிற்கழியிற் கட்டிய கத்தி கிழக்குப் பக்கத்து மரங்களில் ஏறி இறங்கிற்று. மாலையில் படலையண்டை ஐந்து தலைகள் தெரிந்தன. எம் மகன் உள்ளே நிற்காமல் வெளியே சென்று ஆறாவதாக நின்றான்.

"தாத்தா, விளையாடலாமா?"

"கிழக்குப் பக்கம் மட்டும். ஆறு மணிக்கு வெளியே."

உடப்புக்குப் புறப்படுமுன் மகன் ஒடிந்த தென்னம்பிள்ளைக்கு இரண்டு வாளி நீர் வார்த்தான். அது செத்துவிடுமா என்று கேட்டான். ஐப்பசி மழை வரட்டும், பார்ப்போம் என்றார் பெரியவர்.

ஐப்பசியில் தொலைபேசி ஒலித்தது. அழைத்தது எம்மையன்று, மகனை. குருத்து வந்திருக்கிறதாம், சற்றுக் கோணலாக.