சிறிய ஏற்றம்

வண்டலூரில் காட்டைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குள் நுழைந்தாலே மரங்களும் முட்புதர்களும் அடர்ந்த மேட்டு நிலம் விரிகிறது. ஏற்றம் சிறியதுதான், முதியவரும் ஏறலாம்.

சென்ற மாசியில் ஒரு புதன்கிழமை அண்ணனும் நானும் அங்கே நடந்தோம். அப்பாவின் வீட்டைப் பங்கிட்டதிலிருந்து நான்காண்டுகள் நாங்கள் பேசியதில்லை. இதய சிகிச்சைக்குப் பின் மருத்துவர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார். தனியே அனுப்ப அஞ்சிய அண்ணி, "நீங்கள்தான் உடன் செல்ல வேண்டும், தம்பி" என்றார். மறுக்க இயலவில்லை.

பத்தடி இடைவெளியில் நடந்தோம். தவிட்டுக்குருவிகளின் குரலன்றி வேறு ஒலியில்லை. மேட்டில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்து, நிழலில் அமர்த்தினேன்.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் இப்பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எங்கள் எதிரே சாய்ந்திருந்த மரமொன்றின் அடியிலிருந்து புதுக்கிளைகள் நிமிர்ந்திருந்தன. அதையே பார்த்திருந்த அண்ணன் மெல்லப் பேசினார்.

"மிருகக்காட்சிசாலை மூர் மார்க்கெட் பக்கம் இருந்தபோது அப்பா நம்மை அழைத்துப் போவாரே! சிங்கம் கர்ஜித்ததும் நீ அழுதாய். நான்தான் உன்னைத் தூக்கிக்கொண்டேன்."

1985இல் அது வண்டலூருக்கு வந்துவிட்டது. அந்தத் தோளை நான்தான் மறந்திருந்தேன்.

மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் உச்சரிக்கவில்லை. வீட்டுக் கணக்கும் தீரவில்லை. ஆயினும் இறங்கும்போது அண்ணனின் கை என் தோள்மீது இருந்தது. அடுத்த புதனும் வருவதாகச் சொல்லிப் பிரிந்தோம்.