டிரங்க் கால் அக்கா

பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் தபாலாபீசில் கறுப்பாக, கனமாக ஒரு போன் இருந்தது. எங்கள் பக்கத்துத் தக்காளிக்காரர்களுக்கு அதுதான் பட்டணத்து வாசல். ஆபரேட்டர் மூலம் வெளியூருக்குப் பேசும் டிரங்க் காலில் சாதா, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். அர்ஜென்டுக்கு இரட்டிப்புக் காசு என்பதால் அப்பா எப்போதும் சாதாதான் புக் பண்ணுவார். காலையில் பதிந்தால் மத்தியானம் கிடைக்கலாம், சாயங்காலமும் ஆகலாம். அங்கேயே காத்திருக்கும் அவருக்குச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

மெட்ராஸ் கொத்தவால்சாவடி மண்டியில் விலை கேட்டால்தான் மறுநாள் காய் பறிப்பதா, செடியிலேயே விடுவதா என்று முடிவாகும். ஆனால் லைன் கிடைத்தாலும் பேச்சு கேட்காது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். அப்போது நடுவில் ஒரு குரல் வரும். "அண்ணே, நீங்க இருங்க, நான் கேட்டுச் சொல்றேன். மெட்ராஸ்! தக்காளி கூடை என்ன விலைன்னு கேக்கறாங்க." பதிலை வாங்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அப்பாவுக்குச் சொல்லும் அந்தக் குரல். மூன்று நிமிஷம் முடிந்ததும், "நீட்டிக்கவா அண்ணே?" என்று கேட்கும். அந்த ஆபரேட்டர் அக்காவை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சாவு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சாவுச் சேதி சொல்லவேண்டி வந்தால் அவர் குரல் இறங்கிவிடும்.

1984-ல் நம் நாட்டுக்கேற்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்க அரசின் சி-டாட் நிறுவனம் தொடங்கியது. 1986-ல் கர்நாடகத்துக் கித்தூரில் கிராமத்துக்கென்றே அது செய்த முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் நிறுவப்பட்டது. குளிர்சாதன அறை வேண்டாம், ஊர் வெயிலையும் தூசியையும் தாங்கும். பிறகு மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. காத்துக் கிடப்பது ஒழிந்தது. பெரிய விடுதலைதான், மறுக்கவே மாட்டேன். அதோடு அக்காவின் குரலும் போய்விட்டது.

அந்தக் குரல் செய்த வேலைக்குத் தேவை மட்டும் போகவில்லை. அதனால்தான் 2004-ல் விவசாயிகளுக்கென்று கிசான் கால் சென்டர் வந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். 1800-180-1551-ஐ அழைத்தால், காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை, பூச்சி மருந்தோ உரமோ தமிழிலேயே கேட்கலாம். 2021-ல் வந்த மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலும் மனிதர்தான் பேசுகிறார். கரன்ட் போனால் புகாரைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறார்.

மற்ற பல இடங்களில் பதிவு செய்த குரல்தான். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று அது சொல்லி முடிப்பதற்குள், கண் மங்கிய கிழவி எந்தப் பொத்தான் என்று தேடித் தேடிப் போனை வைத்துவிடுகிறாள். வங்கியோ, இன்சூரன்சோ, அரசு அலுவலகமோ, கிராமத்துக்கென்று ஒரு நம்பர் கொடுத்தால், முதல் மணிக்கே தமிழில் பேச ஒரு ஆளை உட்கார வையுங்கள். சம்பளம் கொடுத்து, ஊர்ப்பேச்சு தெரிந்தவராகப் பார்த்து வையுங்கள்.