கணினிக்கு வந்த இரட்டை நோய்

எமது வீட்டுக் கணினி பழையது. யாரோ பாவித்துக் கழித்ததை விலைக்கு வாங்கி, 120 கிகாபைட் கொள்ளும் சிறியதொரு வன்தட்டைப் பொருத்தி, விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமையை ஏற்றி வைத்திருந்தோம். பல ஆண்டுகள் அது முகங்கோணாமல் உழைத்தது. 2025ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலேதான் பிடித்தது சனி.

இம்முறைமைக்கு மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவிலிருந்து இற்றைப்படுத்தல் வெளியாகும். எமக்கு அது செவ்வாய் இரவு. பகலில் இறக்கினால் தரவுக் கட்டணம் கையைக் கடிக்கும் என்று, நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் மலிவுத் தரவை நம்பிக் கணினியை விழித்திருக்கச் செய்துவிட்டு நாம் உறங்கப் போவோம். காலையில் எழுந்து பார்த்தால், இற்றைப்படுத்தல் கைகூடவில்லை என்ற செய்தியும், அதன் கீழே வாயில் நுழையாத ஓர் எண்ணும் திரையில் நிற்கும். மறுநாளும் அதே கதை. சில நாட்களில் ஏறத்தாழ முழுவதையும் இறக்கிவிட்டு, மறுபடி தொடங்கும்போது, செய்த மாற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கும். இன்னுஞ் சில நாட்களிலோ ஒன்றையும் இறக்காமலே கையை விரித்துவிடும். இவ்வாறு ஒரு மாதத்துக்கு மேல் சென்றது.

இதிலென்ன குடி முழுகிப் போயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். எமது கணினியில் இருந்தவை வெறும் சினிமாப் பாட்டுகள் அல்ல. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், இப்பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. ஆட்களோடு அவர்களுடைய பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. அதைக் கண்ட அச்சத்தில், எமது குடும்பத்துப் பழைய தாள்கள் அனைத்தையும் படியெடுத்துக் கணினியில் சேமித்தோம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சியோருக்கு உரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் சட்டம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் தாள்களால் அலைக்கழிக்கப்பட்ட சமூகம் எம்முடையது. பாட்டியாரின் பிரசாவுரிமைச் சான்றிதழை அவர் தகரப் பெட்டிக்குள் சேலை மடிப்பிலே வைத்துக் காத்தார். ஆயினும் மலைநாட்டு ஈரம் சேலை மடிப்பை மதிக்கவில்லை. மூலத்தில் எழுத்துகள் இன்று ஏறக்குறைய அழிந்துவிட்டன. அவற்றை வாசிக்கத்தக்க ஒரே உரு கணினிக்குள்ளே இருந்ததுதான்.

எனவே கணினியைச் சுமந்துகொண்டு நகரத்திலுள்ள திருத்தகம் ஒன்றுக்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் ஒரு நிமிடம் பார்த்தார். “சேர், போர்மட் அடித்துப் புதிதாகப் போடவேண்டும். வேறு வழியில்லை” என்றார். உள்ளே இருப்பவை என்னவாகும் என்றோம். “அழிந்துபோகும்” என்றார், தேநீரை ஆற்றியபடி. நாம் கணினியை மறுபடி சுமந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அயல்வீட்டு நண்பர் சொன்ன வழி இன்னும் சுலபமானது. இற்றைப்படுத்தலையே நிறுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார். எமக்கும் சபலம் தட்டியது. ஆனால் 2017ஆம் ஆண்டு மே 12ஆந் திகதி நடந்தது நினைவுக்கு வந்தது. ‘வன்னாக்ரை’ என்ற கொடிய நிரல் 150க்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணங் கேட்டது. இங்கிலாந்தில் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த துவாரத்தை அடைக்கும் இற்றைப்படுத்தல் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் 14ஆந் திகதியே, வெளிவந்திருந்தது. அதனை ஏற்றாதிருந்த கணினிகளே பெரிதும் அகப்பட்டன. பாட்டியாரின் சான்றிதழை மீட்கக் கப்பங் கட்டும் காட்சியை மனக்கண்ணில் கண்டதும் சபலம் விட்டது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பசறையிலிருந்து எமது தமையனார் மகள் வந்தாள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்பவள். எமது புலம்பலைக் கேட்டுவிட்டு, “சித்தப்பா, திரையில் வந்த எண்ணை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்றாள். நாம் திருதிருவென விழித்தோம். ஒரு மாதமாகக் கணினி தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாமோ அதனைத் திட்டென்று எண்ணி மூடிவிட்டிருக்கிறோம்.

அவள் முதலில் மருந்து கொடுக்கவில்லை. வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி வரச் செய்து, தாள்களின் படிகள் அனைத்தையும் அதிலே பிரதிசெய்தாள். இன்னொரு பிரதியைப் பென்டிரைவில் ஏற்றி, பண்டாரவளையிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். அதன் பின்னரே நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தாள். அங்கே ஓர் எண் அல்ல, இரண்டு எண்கள் மாறி மாறி வந்திருந்தன.

முதலாவது 0x80070070. இது பதினறும எண். முன்னாலுள்ள 8007 என்பது, பின்வருவது விண்டோஸின் சாதாரண வழு எண் என்பதற்கு அடையாளம். கடைசியிலுள்ள 70ஐ நாம் வழங்கும் எண்ணாக மாற்றினால், ஏழு பதினாறு 112. கணினியின் கட்டளைச் சாளரத்தில் 112இற்குப் பொருள் கேட்டாள். ‘வன்தட்டில் போதிய இடமில்லை’ என்று ஆங்கிலத்தில் விடை வந்தது. பார்த்தால், மூன்று கிகாபைட்டுக்கும் குறைவான இடமே மிஞ்சியிருந்தது. அரைகுறையாக இறங்கிய பழைய இற்றைப்படுத்தல்கள் ஒரு மூலையை நிரப்பியிருந்தன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் இறக்கி வைத்த பாடக் காணொளிகள் மற்றொரு மூலையை நிரப்பியிருந்தன. சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று இறக்கியவை அவை. அழிக்க மனம் வரவில்லை. அவற்றை வெளி வன்தட்டுக்கு இடம்பெயர்த்து, அரைகுறைகளை மட்டும் அழித்தோம்.

இரண்டாவது எண் 0x80072எஃப்8எஃப். இதன் கடைசிப் பகுதியை மாற்றினால் 12175. எதிர்முனையிலுள்ள சேவையகத்தோடு பாதுகாப்பான இணைப்பை உண்டாக்க முடியவில்லை என்பது பொருள். இது ஏன் சில நாட்களில் மட்டும் வருகிறது என்று எமக்கு விளங்கவில்லை. பிள்ளை பதிவேட்டின் திகதிப் பத்தியைச் சுட்டினாள். அவ்வெண் வந்த இடங்களிலெல்லாம் ஆண்டு 2012 என்றிருந்தது! விண்டோஸ் 10 வெளிவந்ததே 2015 ஜூலையில். பிறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே எமது முறைமை நோயுற்றிருக்கிறது!

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பங்குனி, சித்திரை மாதங்களில் ஊவா மலைகளிலே பிற்பகல் தோறும் இடி முழங்கும். முதல் முழக்கம் கேட்டதும் பிளக்குகளைப் பிடுங்கிவிடுவது எமது வீட்டு வழக்கம். கணினியின் தாய்ப்பலகையில் சிறு கடிகாரம் ஒன்று உண்டு. பிளக் செருகியிருக்கும் வரை அது வீட்டு மின்சாரத்தில் ஓடும்; பிடுங்கினால் அங்குள்ள ஒரு வில்லை மின்கலத்தையே நம்பியிருக்கும். எமது மின்கலம் எப்போதோ உயிரை விட்டிருந்தது. ஆகவே இடி இடித்த நாளெல்லாம் கடிகாரம், பலகையில் பதிந்துள்ள தொடக்கத் திகதிக்குத் திரும்பியது. பகலில் இணையப் பக்கம் திறக்க மறுத்தால் பிள்ளைகள் திகதியைக் கையால் திருத்திவிடுவார்கள். எம்மிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மழை விட்ட பின் பிளக்கைச் செருகி, இரவுக்கென்று விட்டுச் செல்லும் நாமோ திகதியைப் பார்த்ததேயில்லை.

திகதி தவறினால் இணைப்பு ஏன் அறுகிறது? சேவையகம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்குச் சான்றிதழ் ஒன்றைக் காட்டும். அது இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதிலே குறித்திருக்கும். 2012இல் நின்றுகொண்டு பார்க்கும் கணினிக்கு அது இன்னும் பிறவாத சான்றிதழ், எனவே செல்லாது. சரியான சான்றிதழைக் காட்டியும் ‘செல்லாது’ எனத் திருப்பி அனுப்பப்படுவது எத்தகையது என்று மலையகத்தாருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆக, மழை நாளில் ஒரு நோய். மழையில்லாத நாளில் மற்றொன்று. ஒன்றே என்று எண்ணியதால்தான் ஒரு மாதம் போயிற்று.

வில்லை மின்கலத்தின் பெயர் சீஆர் 2032. குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதை அவ்வெண்ணே சொல்லிவிடும். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கிறது. பிளக்கைக் கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, சிறு கவ்வியை விலக்கிப் பழையதை எடுத்து, எழுத்துள்ள முகம் மேலாக வருமாறு புதியதை வைத்தாள். பின்பு திகதியையும் நேரத்தையும் திருத்தினாள். அன்று பிற்பகலும் இடி இடித்தது. வழக்கம்போலப் பிளக்கைப் பிடுங்கினோம். இரவு செருகியபோது கடிகாரம் நிமிடம் பிசகவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தோம். இற்றைப்படுத்தல் ஏறி முடிந்திருந்தது. கூத்து முடிந்து திரை விழுந்ததுபோல் வீடு நிசப்தமாயிருந்தது; எழுப்பிச் சொல்ல ஒருவரும் இல்லை.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவடைந்தது. அதுவரை மாதந் தவறாமல் எமது கணினி தன் பங்கைப் பெற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி இப்பழம் பெட்டிக்கு இல்லை. தாள்களை வெளி வன்தட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, இதற்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஒன்றைப் போடலாம் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. எமது வீடு தப்பியது. மின்சாரம் மட்டும் நாட்கணக்கில் இல்லை. வெளி வன்தட்டைப் பொலித்தீனில் சுற்றி, உடுதுணிப் பையோடு வாசலருகே வைத்துக்கொண்டு உறங்கினோம். மின்சாரம் திரும்பிய மாலையில் பிள்ளைகள் கணினியைப் போட்டார்கள். நாம் முதலில் பார்த்தது திரையின் வலது மூலையைத்தான். திகதி சரியாயிருந்தது.