தீ வீட்டில் ஒரு பகல்

‘சார், பீர் கம்பெனியிலிருந்து வரும் மால்ட் சக்கையை மாட்டுக்குப் போடுகிறோம். அதில் சாராயம் இருக்குமா? குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் அது வருமா?’

போன ஆண்டு நம் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு வாசகி இப்படி எழுதியிருந்தார். ‘வராது’ என்று நாலு வரியில் பதில் எழுதினேன். பதில் சரிதான். ஆனால் எழுதிய எனக்கு, அந்தச் சக்கை எந்தக் கட்டத்தில் வெளியே வருகிறது என்பது புத்தகத்தில் படித்த சேதிதான். கண்ணால் பார்த்ததில்லை. கடந்த டிசம்பரில் பார்த்தேன். அதுவும் கம்பெனியில் இல்லை, ஒரு விவசாயி வீட்டுக் கொல்லையில்.

என் மகள் நார்வே நாட்டில் பெர்கன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். துறையில் அனுமதி வாங்கி, சேர்த்து வைத்த விடுப்பில் மூன்று வாரம் போயிருந்தேன். பெர்கனில் மழை விடவே இல்லை. ‘அப்பா, ஊர் சுத்தினது போதும். என்கூட வேலை பார்க்கிற பொண்ணோட அப்பா விவசாயி. கிறிஸ்துமஸுக்கு வீட்டுல பீர் காய்ச்சுறாராம். போலாமா?’ என்றாள்.

எனக்கு முகம் சுருங்கியது. என் தாய்மாமா 41 வயதில் குடியால் போனவர். அவர் விற்ற இரண்டரை ஏக்கர் நஞ்சையை இன்றைக்கும் பேருந்தில் போகும்போது திரும்பிப் பார்ப்பேன். ‘குடிக்கச் சொல்ல மாட்டாங்கப்பா. விவசாயத்தைப் பார்க்கலாம் வாங்க’ என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பெர்கனிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். வோஸ் என்று ஊர்ப் பெயர். நடுவில் ஒரு ஏரி, சுற்றிலும் மலை, சரிவில் பண்ணைகள். நார்வேயில் உழவுக்கு உதவும் நிலம் மொத்தப் பரப்பில் சுமார் 3 சதவிகிதம்தான். வோஸ் பகுதியில் அதிலும் பெரும்பங்கு புல். அறுத்து, உருட்டி, வெள்ளை பிளாஸ்டிக் சுற்றி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பனியில் முட்டை உருட்டிவிட்டது போல இருந்தது. மாடும் ஆடும்தான் வருமானம். ஆட்டுத்தலையை உப்பிட்டுப் புகை போட்டு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேகவைத்துச் சாப்பிடுவது இந்த ஊர்ச் சிறப்பு. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த விவசாயிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி, கல்லும் மரமுமாகக் கட்டிய ஒரு சின்னக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். ‘எல்ட்ஹுஸ்’ என்றார். தீ வீடு என்று பொருள். அங்கே வீடுகள் மரத்தால் ஆனவை. பெரிய அடுப்பை வீட்டுக்குள் வைத்தால் ஒரு பொறி போதும். அதனால் பெரிய நெருப்பு வேண்டிய வேலைக்கெல்லாம் தனிக் கொட்டகை. துணி வெளுக்கவும், ஆடு அறுக்கும் நாளில் வெந்நீர் வைக்கவும், அப்பளம் போன்ற மெல்லிய ரொட்டியை மாதக்கணக்குக்குச் சுட்டு அடுக்கவும், பீர் காய்ச்சவும் அந்த ஒரே இடம்தான். நம் பக்கம் நெல் அவிக்கத் தனி அடுப்பு வைத்திருந்தோமே, அது மாதிரி.

கொட்டகையின் அமைப்பை நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். தரை சிமெண்ட், ஒரு மூலை நோக்கிச் சரிவு, அங்கே வடிகால். மலை ஊற்றுத் தண்ணீர் மோட்டார் இல்லாமல் குழாயில் தானாக வருகிறது. புகைபோக்கி வைத்த அடுப்பு, அதன் மேல் 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும் தாமிர அண்டா. பக்கத்தில் மூடி போட்ட பெரிய தொட்டி. பழைய பால் குளிரூட்டும் தொட்டியைத்தான் இதற்கு மாற்றியிருந்தார். அண்டா உயரத்தில், தொட்டி தாழ்வில். தூக்கிச் சுமக்காமல் இறக்கத்தில் ஓடவிட்டுவிடலாம். ‘இதுக்கெல்லாம் எவ்வளவு செலவாச்சு?’ என்று கேட்டேன். ‘அண்டா தாத்தா வாங்கியது. தொட்டி சும்மா கிடந்தது. குழாய் மட்டும் புதுசு’ என்றார். விவசாயி எந்த நாட்டிலும் விவசாயிதான்.

நாங்கள் போகும்போது மணி பத்து. அவர் ஐந்து மணிக்கே எழுந்து ஜூனிப்பர் கிளைகளை அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தார். ஊட்டியில் பார்க்கும் சைப்ரஸ் மரத்தின் குடும்பம்தான் ஜூனிப்பர், இங்கே புதராக வளர்கிறது. அந்தப் பச்சை வாசனைத் தண்ணீரில்தான் எல்லாம். பாத்திரம் கழுவுவதும் அதில்தான்.

அடுத்தது மால்ட். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீளும் முன் காயவைத்து உடைத்தது. கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி மாவு அரைக்கிறோமே, அதே வேலை. முளைக்கும்போது தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க ஒரு நொதியைத் தயார் செய்துகொள்கிறது. சூடான தண்ணீரில் 65 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் மாவு முழுவதும் இனிப்பாகிறது. 150 லிட்டர் பீருக்குச் சுமார் 50 கிலோ மால்ட் போட்டிருந்தார். தொட்டியின் அடியில் ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பி, அதையே வடிகட்டியாக்கி, சாற்றை மெல்லிய தாரையாக இறக்கினார். ஒரு குவளையில் பிடித்துக் கொடுத்தார். நான் தயங்கியதைப் பார்த்து மகள் சிரித்தாள். ‘இன்னும் ஈஸ்ட் போடலைப்பா. இது வெறும் இனிப்புத் தண்ணி.’ குடித்தேன். ஹார்லிக்ஸில் வேப்பங்காற்று பட்டது போல ஒரு சுவை. ஹார்லிக்ஸிலும் முளைகட்டிய பார்லி சேர்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சாறு இறங்கியதும் தொட்டியில் மிஞ்சியதுதான் சக்கை. வாசகியின் கேள்விக்கு விடை அங்கே ஆவி பறக்கக் கிடந்தது. ஈஸ்ட் சேர்வதற்கு முன்பே சக்கை பிரிந்துவிடுகிறது. அப்போது சாராயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் அதை இரண்டு வாளியில் அள்ளி அப்போதே ஆடுகளுக்குக் கொண்டுபோனார். ‘நாளைக்குப் போட்டால்?’ என்றேன். ‘இன்றைக்கே’ என்றார். அவர் ஊரில் பனி. நம் வெயிலில் இது இன்னும் கண்டிப்பு. ஈரச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆபத்து அந்தப் பூஞ்சணத்தில்தான் இருக்கிறது. வாடை மாறியதைப் போடாதீர்கள். கறவை மாட்டுக்கு இரண்டு கிலோவில் தொடங்கி மெதுவாக ஏற்றி, எட்டுப் பத்துக் கிலோவோடு நிறுத்துங்கள். இதில் புரதம் நிறைய, சுண்ணாம்புச் சத்து குறைவு. தாது உப்புக் கலவையை விட்டுவிடக் கூடாது. நாலு வரியில் நான் எழுதாமல் விட்டது இதெல்லாம்தான்.

சாறு மறுபடி அண்டாவுக்குப் போய் நாலு மணி நேரம் கொதித்தது. செம்பு நிறத்துக்கு வரும் வரை கொதிப்பது வோஸ் வழக்கமாம். ஒரு துணிப்பையில் ஹாப்ஸ் பூக்களைக் கட்டிப் போட்டார். அது கசப்புக்கும் கெடாமல் இருக்கவும். மூன்றரை மணிக்கே வெளியில் இருட்டிவிட்டது. அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசினோம்.

மேற்கு நார்வேயில் இடைக்காலத்தில் குலாதிங் சட்டம் என்று ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பீர் காய்ச்சாத விவசாயிக்கு அதில் அபராதம் உண்டு. இன்றைக்குக் கட்டாயம் இல்லை, வீட்டுக்குக் காய்ச்சிக்கொள்ள அனுமதி மட்டும் உண்டு. விற்க முடியாது. சாராயம் போல ஆவியாக்கி இறக்கினால் குற்றம். கொஞ்சம் வீரியமான மது எல்லாம் அரசுக் கடையில்தான். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சுவதும் குற்றம்தான். இதைப் படித்துவிட்டு யாரும் அண்டாவைத் தேட வேண்டாம்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

சாறு 39 டிகிரிக்கு ஆறியதும், வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்தார். அடியில் வெண்ணெய் நிறத்தில் கூழ். மூடியைத் திறந்தால் ஆரஞ்சுத் தோல் வாசனை. ‘க்வைக்’ என்றார். அந்தப் பகுதிப் பேச்சில் ஈஸ்ட்டுக்குப் பெயர். தீ மூட்டுவதைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளதாம். போன முறை காய்ச்சியதில் எடுத்து வைத்தது. அதற்கு முன்பு அதற்கு முந்தைய முறை. அப்படியே தாத்தா காலம் வரைக்கும். நம் வீட்டில் உறை மோர் எடுத்து வைப்பதும், இட்லி மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைப்பதும் இதுதானே?

சாதாரண பீர் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். 40 டிகிரியில் அதன் சுவை கெட்டுவிடும். இந்த வீட்டு ஈஸ்ட் அந்தச் சூட்டிலும் நல்ல பீர் தருகிறது, 40 மணி நேரத்தில் வேலையை முடிக்கிறது. பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் சூட்டில் உறை ஊற்றி, நன்றாக வந்ததை மட்டுமே எடுத்து வைத்ததால் தேறி வந்த இனம். 2018இல் வெளியான மரபணு ஆய்வு, இது தனி வளர்ப்பினம் என்று காட்டியது. இன்று உலகெங்கும் ஈஸ்ட் கம்பெனிகள் வோஸ் பெயரில் பாக்கெட் போட்டு விற்கின்றன.

குப்பியை ஊற்றும்போது அவர் திடீரென்று ஓங்கிக் குரல் கொடுத்தார். நான் பதறிவிட்டேன். உறை ஊற்றும்போது கத்துவது பழைய வழக்கமாம், சத்தமாகக் கத்தினால் பீரும் வீரியமாக வரும் என்று நம்பிக்கை. நம் பெண்கள் குலவை போடுவதைச் சொன்னேன். ‘போட்டுக் காட்டுங்கள்’ என்றார். என் மகள் போட்டாள். சுமாராகத்தான் வந்தது.

சுவரில் மரத்துண்டுகளைச் சங்கிலி போலக் கோத்த வளையம் ஒன்று தொங்கியது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அந்த வளையத்தை நுரையில் முக்கிக் காயவைத்து மாட்டிவிடுவார்கள். சந்துகளில் ஈஸ்ட் காய்ந்து உறங்கும். அடுத்த முறை அதையே சாற்றில் போட்டால் விழிக்கும். ‘அப்பா காலத்தில் ஒரு முறை எங்கள் ஈஸ்ட் புளித்துப் போனது. போயே போய்விட்டது’ என்றார். ‘பிறகு?’ ‘ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு எங்கள் தாத்தா கொடுத்திருந்தார். போய்த் திருப்பி வாங்கி வந்தோம்.’

மால்ட்டை எங்கே செய்கிறீர்கள் என்று கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது. ‘கடையில் வாங்குகிறேன். இங்கே யாரும் பார்லி விதைப்பதில்லை. புல் போட்டால் பால் காசு.’ வடக்கே ஸ்தியோர்தால் என்ற பகுதியில் கதை தலைகீழ். அங்கே விவசாயிகள் இன்றும் சொந்த மால்ட் செய்கிறார்கள், ஆல்டர் மரப் புகையில் உலர்த்தி. ஆனால் வீட்டு ஈஸ்ட் போய்விட்டது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கடையில் வாங்குகிறார்கள். ஒரே நாடு, ஒரே பழக்கம், ஓர் ஊர் ஒன்றை விட்டது, இன்னோர் ஊர் மற்றதை விட்டது. உலகத்து விதைகளைக் காக்க ஸ்வால்பார்ட் தீவில் 2008 முதல் களஞ்சியம் நடத்தும் நாடு இது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் மகள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், நாகப்பட்டினம் கடலோரத்தில் ஒரு பெரியவரிடம் குழியடிச்சான் நெல்லை விடச் சொன்னவன் நான். ‘மகசூல் என்ன வருது அய்யா இதுல? இந்த மினிகிட்டைப் போடுங்க’ என்று வரப்பில் நின்று பேசினேன். அவர் என்னை நம்பினார். மூன்றாம் வருடம் அவர் குதிரில் பழைய விதை இல்லை. 2004இல் சுனாமித் தண்ணீர் அவர் வயலில் ஏறியது. உப்புத் தாங்கும் விதை கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். என்னிடம் இல்லை. ‘நீங்கதானே தம்பி விடச் சொன்னீங்க’ என்றார். கோபமாகக்கூட இல்லை, ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னார். கடைசியில் வேதாரண்யம் பக்கம் அவருடைய சம்பந்தி வீட்டில் அரை மூட்டை இருந்தது. எப்போதோ இவரே கொடுத்தது.

மகசூல் கணக்கில் நான் சொன்னது தப்பில்லை என்று இப்போதும் வாதாட முடியும். பழையதை ஒரு குழியிலாவது போட்டு வையுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அந்த வார்த்தை எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த விவசாயியின் மகள், பீர் நன்றாக வந்ததாகவும், நுரையிலிருந்து புதுக் கூழ் எடுத்து இரண்டு குப்பியில் வைத்துவிட்டதாகவும் சொன்னாராம். ஒன்று அவர் வீட்டுக்கு, மற்றொன்று ஏரிக்கு அந்தப் பக்கம்.

ஊர் திரும்பியதும் அந்தச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். பெரியவர் இப்போது இல்லை, அவர் மகன்தான் நிலத்தைப் பார்க்கிறார். எட்டுக் கிலோ குழியடிச்சான் வாங்கி நாலு பங்காக்கி, வேறு வேறு ஊரில் நாலு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு பங்கு அந்த மகனுக்கு. ‘இது நம்ம வீட்டு நெல்லுதானே சார்?’ என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.